மருந்தின் நான்காம் கூறு

'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அதனை அருகிலிருந்து அளிப்பவர். அந்த நான்காம் கூறு எத்துணைப் பொறுப்புடையது என்பதை, எங்கள் மகள் தேர்வுக்குப் படித்த ஓராண்டுக் காலத்தில் நாங்கள் நன்குணர்ந்தோம்.

தில்லியில் மைய அரசு எழுத்தர் ஊதியத்தில் நடைபெறும் இல்லம் எங்களுடையது. மகள் நான்காண்டுச் செவிலியர் பட்டப் படிப்பை முடித்து, மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிக்கொண்டே, அமெரிக்கச் செவிலியர் உரிமத்திற்குரிய 'என்கிளெக்ஸ்' தேர்வுக்கு ஆயத்தமானாள். 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடைபெறும் அத்தேர்வில் குறைந்தது 85 வினாக்கள்; மிகுதியாயின் 150. கால எல்லை 5 மணி. எழுதுபவர் தரும் விடைகளின் தகுதிக்கேற்பக் கணிப்பொறியே அடுத்தடுத்த வினாக்களைத் தெரிந்தெடுக்கும்.

இரவுப் பணி முடிந்து வந்ததும் அவள் மருந்துப் பட்டியலை விரிப்பாள். நாங்கள் பெயரை வாசிப்போம். அவள் குணமும் குற்றமும் கூறுவாள். முதல் இடர்ப்பாடு பெயர்களில்தான் இருந்தது. நம் நாட்டில் பாராசிட்டமால் என்பது அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இங்குச் சால்பியூட்டமால், அங்கு ஆல்பியூட்டரால். இங்கு அட்ரினலின், அங்கு எபிநெஃப்ரின். "வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் பெரிதா?" என்று அவள் பாட்டி நகைத்தார்.

பெயரின் ஈற்றைக் கொண்டு இனம் காணும் முறை இலக்கணம் பயில்வதை ஒத்திருந்தது. 'ப்ரில்' என முடிபவை இரத்த அழுத்தம் தணிப்பவை. அவற்றால் வறட்டிருமல் வரக்கூடும். மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்றவை இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை. நாடி பாராமல் அவற்றைத் தரலாகாது. டிஜாக்சினுக்கோ, மார்பின்மேல் கருவி வைத்து ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்க்கு அது 60-க்குக் குறைந்தால், மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

அலுவலகக் கோப்பில் நேர்ந்த பிழைக்குத் திருத்தக் கடிதம் ஒன்று போதும். செறிவான பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாது நேரே சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதற்குத் திருத்தக் கடிதம் இல்லை. மாற்று மருந்து உள்ளவற்றுக்கும் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்: ஹெப்பாரினுக்குப் புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே.

வார்ஃபரின் என்றதும் வீடு அமைதியானது. இதய வால்வு மாற்றியபின் பாட்டி நாள்தோறும் உட்கொள்வது அதுவே. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி உறையாமல் மடிந்தன. அதன் காரணத்தைத் தேடிய ஆய்வின் வழியே பிறந்த இப்பொருள் 1948-இல் எலி நஞ்சாகவும், 1954-இல் மனிதர்க்கு மருந்தாகவும் வந்தது. கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவ்வச்சத்தால் பாட்டி தமக்குப் பெரிதும் விருப்பமான முருங்கைக்கீரையை மூன்றாண்டுகளாகத் தொடவில்லை.

"கீரையை அடியோடு விட வேண்டாம், பாட்டி. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்றுதான் இருக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்" என்றாள் பேத்தி. மருத்துவரும் இசைந்தார். அளவு மாறும்போது குருதிச் சோதனை செய்து மருந்தின் அளவைச் சரிபார்த்தார். கீரை மீண்டும் அடுப்பேறியது.

தேர்வில் மகள் தேறிவிட்டாள். குடியேற்ற அனுமதிக்கு இந்தியர் நிற்கும் வரிசை நீண்டது, காத்திருக்கிறோம். விரைவில் வர வேண்டும் என்றும், சற்றே தாமதிக்கட்டும் என்றும் எங்கள் உள்ளம் ஒரே நாளில் இருமுறை வேண்டுகிறது. பெற்றோரை ஊரில் விட்டுத் தில்லிக்கு வண்டியேறிய எங்களுக்கு, அவளைத் தடுக்கும் உரிமை ஏது?

இதற்கிடையில் அவள் தமிழில் ஒரு தாள் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்: மாத்திரையின் பெயர், வேளை, அடுத்த சோதனை நாள், ஈறில் குருதி கசிந்தாலோ மலம் கருத்தாலோ உடனே மருத்துவமனை. முதியோர் வாழும் நம் இல்லந்தோறும் இத்தகைய தாள் ஒன்று இருத்தல் நலம். அவள் புறப்பட்டபின் அதனைப் பார்த்து மருந்து எடுத்துத் தர வேண்டியவர்கள் நாங்கள். நாடி எண்ணவும் இப்போதே கற்றுக்கொண்டு வருகிறோம்.