வாப்பாவின் ஃபோல்டர்

வாப்பா மௌத்தாகி மூன்றாம் மாதம் வீட்டுக் கொம்பியூட்டர் நின்றுபோனது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினோம். வாப்பாவின் ஃபோல்டர் தெரிந்தது; திறக்க அனுமதி இல்லை என்றது. கடையில் ஃபோர்மட் பண்ணச் சொன்னார்கள். உம்மா விடவில்லை.

விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, ஒவ்வொரு கணக்குக்கும் கொடுக்கும் தனி எண்ணால். ஃபோல்டர் இன்னும் பழைய எண்ணுக்கே சொந்தம். அட்மின் கணக்கில் நுழைந்து ரைட் கிளிக், ப்ரொபர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போனோம். ஓனருக்கு நேரே 'சேஞ்ச்' அழுத்தி எங்கள் கணக்கைக் கொடுத்தோம். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் பெட்டியிலும் சரி போட்டோம். பிட்லொக்கர் போட்டிருந்தால் இது போதாது, மீட்புச் சாவி வேண்டும்.

திறந்தது. முதல் ஃபைலில் வாப்பாவின் குரல். உம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தா.

அன்றே இரண்டு பென் டிரைவில் கொப்பி எடுத்தோம். நீங்களும் எடுத்து வையுங்கள்.