அருகம்புல்லும் அம்மாவின் தும்மலும்



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அதனால் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "நீதான் படிக்கிறியே, சொல்லேன்" என்று என்னிடம்தான் வருவார்கள். அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

மாட்டுக்கு வரப்பில் புல் அறுத்து வந்தால் அம்மாவுக்கு அடுக்குத் தும்மல், கண் எரிச்சல், ராத்திரியில் இழுப்பு. மறுநாள் கூலி போச்சு. "பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்லா இப்படிப் பண்ணும்?" என்று கேட்டாள்.

பண்ணும் என்கின்றன புத்தகங்கள். கைவிரல்போல விரியும் அருகங்கதிரின் மகரந்தம் காற்றில் பறப்பது. ஒரு துகள், மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்.

இந்த ஒவ்வாமையை மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து, 1873-இல் புத்தகமாக எழுதினார். 1911-இல் லண்டனில் லியோனார்ட் நூன், திமோத்தி என்ற புல்லின் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். 2014-இல் அமெரிக்கா அனுமதித்த புல் மகரந்த மாத்திரைகளில் ஒன்று திமோத்தி. மற்றொன்று ஐந்து புற்களின் கலவை. எல்லாமே குளிர்நாட்டுப் புற்கள். அருகு அதில் இல்லை. திமோத்தியில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் ஒன்று அருகில் கிடையவே கிடையாது. அங்கே பலித்த மருந்து இங்கே அப்படியே பலிக்கும் என்று எப்படி நம்புவது?

இன்னொரு சிக்கல், அளப்பது. 1952-இல் ஹிர்ஸ்ட் என்பவர் அமைத்த கருவி நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, மணிக்கு 2 மி.மீ. நகரும் பசைத் தகட்டில் துகள்களைப் பதிக்கும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் எல்லாப் புல் மகரந்தமும் ஒரே அச்சு! 'புல்' என்று எண்ணலாம். எந்தப் புல் என்று சொல்வது கஷ்டம். 2019-இல்தான் பிரிட்டன் ஆய்வாளர்கள், காற்றிலுள்ள டி.என்.ஏ.வைக் கொண்டு புல் வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் வரப்புக் காற்றில் எந்தப் புல், எந்த மாதம், எத்தனை துகள் என்று தெரிந்தால்தானே அம்மாவுக்குச் சரியான பதில் சொல்ல முடியும்?

இப்போதைக்கு, "பூக்கறதுக்கு முன்னாடியே அறுத்துரும்மா, மூக்கைத் துணியால கட்டிக்கோ" என்று சொல்லியிருக்கிறேன்.

'டிப்ளமோதானே' என்று நம்மைச் சிலர் நினைக்கலாம். ஹிர்ஸ்டின் கருவிக்குத் தேவை ஒரு பம்பு, ஒரு கடிகார இயக்கம், ஒரு குறுகிய துவாரம். நண்பர்களே, இவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் நம் பட்டறையில்தான் இருக்கின்றன!