சீட்டு வித்தையும் அவையறிதலும்

அவையறிதல் என்று திருக்குறளிலே தனி அதிகாரம் ஒன்று உண்டு. சொல்வன்மை உடையார்க்கென வகுக்கப்பட்ட அவ்வதிகாரம், கையிலே ஒரு சீட்டுக்கட்டுடன் கூட்டத்தினரிடையே உலவி வித்தை காட்டுபவனுக்கும் பொருந்தும் என்பது என் துணிபு.

பி. சி. சர்க்கார் (1913–1971) போன்ற பெருவித்தகர்களுக்கு மேடை, திரை, விளக்கு யாவும் துணை நின்றன. பூண்டுலோயாத் தோட்டத்துக் கலியாண வீட்டிலே வித்தை காட்டுபவனுக்கோ ஒரு மேசைகூடக் கிடையாது. நால்வர் இங்கே நிற்பர். அறுவர் அங்கே அமர்ந்திருப்பர். ஒரு குழுவினரை மகிழ்வித்தவுடன் அடுத்தவரிடம் செல்லல் வேண்டும். நாற்புறமும் கண்கள்! நம் வீதிகளிலே செப்படி வித்தை காட்டியோர் எதிர்கொண்ட அவையும் இதுவே.

மாணவர் பலர் அறிந்த இருபத்தொரு சீட்டு வித்தையை நோக்குவோம். 21 சீட்டுகளை மூன்று வரிசையாகப் பரப்பி, நினைத்த சீட்டு உள்ள வரிசையைக் கேட்டறிந்து, அதனை நடுவிலே வைத்து அடுக்க வேண்டும். இவ்வாறு மும்முறை செய்தால் அச்சீட்டு 11ஆவது இடத்தில் வந்து நிற்கும். அழகிய கணிதம், வகுப்பறைக்கு ஏற்றது. ஆனால் நிற்பவர்களிடையே அதனைப் பரப்புவதற்கு இடமேது? மூன்றாம் முறை பரப்புவதற்குள் பிள்ளைகள் பலகாரத் தட்டை நாடிப் போய்விடுவர்!

மாறாக, ஒருவர் தம் பெயரெழுதிய சீட்டைக் கட்டினுள்ளே செருக, அது மீண்டும் மீண்டும் மேலே வந்து நிற்கும் வித்தையைக் கொள்க. எந்த வித்தையையும் மும்முறை கண்டால் அதன் சூட்சுமத்தைச் சொல்வேன் என்றிருந்த ஹூடினி, 1922இல் சிக்காகோவில் டாய் வெர்னன் காட்டிய இவ்வகை வித்தைக்கு விடைகாண இயலாது திகைத்தார். இதற்கு மேசை வேண்டா, நீண்ட விளக்கமும் வேண்டா, உள்ளங்கையே அரங்கு.

எனினும் வசதி ஒன்றே தேர்வுக்கு அளவுகோலன்று. எங்கள் லயங்களிலே சீட்டுக்கட்டைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் தாய்மார் உளர். சம்பள நாளிரவிலே சூதில் கரைந்த காசு அவர்கள் நினைவில் எழுகின்றது. ‘ராணி எங்கே?’ என்று பந்தயம் கேட்கும் மூன்று சீட்டு வித்தைக்கும் மேடை வேண்டுவதில்லை. கைத்திறனும் அதிலே மிகுதி. ஆயினும், அது பார்ப்பவன் தோற்பதற்கென்றே அமைந்தது. விளையாட்டாகவேனும் அதனை நான் காட்டுவதில்லை. இன்று அதிலே சுவை கண்ட இளைஞன், நாளை தன் கண்ணை நம்பிக் கூலியைப் பணயம் வைப்பானன்றோ?

அத்தாய்மாருக்கு நான் தேர்வது வேறு. சிவப்புச் சீட்டு ஒன்றைக் காட்டி, அவர்களுடைய உள்ளங்கைகளுக்கிடையே வைக்கச் செய்வேன். கை திறந்தால் அது கறுப்பாயிருக்கும். சீட்டின் பெயரறியாதவருக்கும் நிறம் மாறியது விளங்கும். வித்தை அவர்கள் கையிலேயே நிகழ்கின்றது. அங்கே தோற்றவர் எவருமில்லை.

வித்தை பயிலும் மாணவர்களே! முதலில் அவையைப் பாருங்கள். விரலுக்கு எளிதானது எது என்று பின்னர்த் தேடலாம்.