பாசியை அடக்கிய வைக்கோல்

இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகரில் தொடங்கி, வொர்க்சாப், ரெட்ஃபோர்டு ஊர்களைக் கடந்து, டிரென்ட் ஆற்றில் கலக்கிறது ஒரு பழைய கால்வாய். நீளம் சுமார் 74 கிலோமீட்டர். 1777-ல் திறக்கப்பட்டது. கரையில் குதிரைகள் நடந்து இழுக்க, நிலக்கரியும் கல்லும் ஏற்றிய படகுகள் இதில் போயின. இப்போது தூண்டில்காரர்களும் உல்லாசப் படகுகளும்தான்.

மெதுவாக நகரும் தண்ணீர், அதில் சேரும் உரச்சத்து, கோடை வெயில் மூன்றும் கூடினால் எந்த நீர்நிலையிலும் பாசி பெருகும். இந்தக் கால்வாயையும் இழைப்பாசி அடைத்தது. அதில் பார்லி வைக்கோலைப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், பாசி குறைந்ததை 1990-ல் வெளியிட்டார்கள். 1993-ல் வெளியான அடுத்த ஆய்வில், மட்கும் வைக்கோல் 'மைக்ரோசிஸ்டிஸ்' என்ற நீலப்பச்சைப் பாசியையும் கட்டுப்படுத்தியது தெரிந்தது.

நெல் வயலில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் நீலப்பச்சைப் பாசிக்கு இது பங்காளிதான். ஆனால், தழைச்சத்து தராது. கல்லீரலைத் தாக்கும் நஞ்சைத் தரும். இது படர்ந்த தண்ணீரைக் குடித்த கால்நடைகள் பல நாடுகளில் இறந்திருக்கின்றன.

வைக்கோல் என்ன செய்கிறது? பூஞ்சைகள் வைக்கோலை மட்கவைக்கும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து, பீனால் வகைப் பொருட்கள் தண்ணீரில் கரைகின்றன. அவற்றின்மீது வெயில் படும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அது பாசியின் செல்லுக்குள் புகுந்து, ஒளிச்சேர்க்கை செய்யும் பகுதியைப் பழுதாக்குகிறது. செல் சவ்வு சிதைந்து உள்ளிருப்பது கசிகிறது. பச்சைப் பாசியைவிட நீலப்பச்சைப் பாசிக்கு இதைத் தாங்கும் சக்தி குறைவு.

ஏற்கெனவே படர்ந்த பாசியை வைக்கோல் அழிப்பதில்லை. புதிதாக வளர்வதைத்தான் தடுக்கிறது. அதனால், கோடைக்கு முன்பே போடுகிறார்கள். அளவு, சதுர மீட்டருக்கு 10 முதல் 25 கிராம். இறுக்கிக் கட்டிய கட்டாக இல்லாமல், வலைப்பையில் தளர்வாக அடைத்து, மேல்மட்டத்தில் மிதக்கவிடுகிறார்கள். உள்ளே காற்றோட்டம் இல்லாவிட்டால் பலன் இல்லை. எல்லா இடத்திலும் இது பலித்ததும் இல்லை.

படர்ந்த பாசியை ஒரேயடியாகக் கொல்வதில் ஆபத்தும் உண்டு. செல்லுக்குள் இருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் படர்ந்த பாசிக்கு மயில்துத்தம் போட்ட சில நாட்களில் 140 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள்.

இதைப் படித்துவிட்டு, பண்ணைக்குட்டையில் நெல் வைக்கோலை அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். நம் வெயிலில் அது வேகமாக அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடிவதற்குள் மீன்கள் செத்து மிதக்கும். பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் குட்டையில் ஏடு படிந்திருந்தால், முதல் வேலை ஆடு மாடுகளை அந்தத் தண்ணீருக்கு விடாமல் தடுப்பது. அடுத்தது, சாணக் கழிவும் உரம் கரைந்த வயல்நீரும் குட்டைக்குள் வராமல் வரப்பை உயர்த்துவது. பாசிக்குத் தீனி நின்றால், பாதித் தொல்லை தீர்ந்தது.