315ஆம் இடம்

ஜூன் 3, செவ்வாய்

பிரைமர் வந்துவிட்டது. சின்னக் குழாய்கள், அடியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தூள். காசநோய்க் கிருமியின் கேட்ஜி ஜீன் மொத்தம் 2,223 எழுத்து. 315ஆம் அமினோ அமிலத்தில் இரண்டாகப் பிரித்து எடுக்கப் போகிறேன். இரண்டு துண்டும் சேருமிடத்தில் ஏஜிசி இல்லை, ஏசிசி. ஒரே எழுத்து. செரின் போய் திரியோனின். அவ்வளவுதான், காசநோய் மாத்திரை ஐசோனியாசிடைக் கேட்ஜி என்சைம் மருந்தாக மாற்றித் தராது.

சந்தோஷமாக இருக்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 4, புதன்

முதல் துண்டு பளிச். இரண்டாவது வரவே இல்லை. ஜெல்லின் அடியில் பிரைமர் மட்டும் மங்கலாக. காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவில் ஜியும் சியும் 65 சதவீதம், இழைகள் பிரிய மாட்டேன் என்கின்றன. லேப் அக்கா டிஎம்எஸ்ஓ 5 சதவீதம் சேர்க்கச் சொன்னார்.

மெஸ் மூடிவிட்டது. பிஸ்கட்.

ஜூன் 6, வெள்ளி

டிஎம்எஸ்ஓ வாழ்க! 1.3 கிலோபேஸ், ஒற்றைப் பட்டை. யூவி முகமூடிக்குள் வியர்த்து வழிய வெட்டி எடுத்தேன். ஜெல்லிலிருந்து பிரித்த பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான். போதும் என்று நினைக்கிறேன். போதாதோ?

அப்பா போன். சித்தப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. மறுபடி சளி கொடுத்திருக்கிறார்கள். "நீ இதைத்தானே படிக்கிற" என்றார். என்ன சொல்ல.

ஜூன் 9, திங்கள்

கிப்சன். இரண்டு துண்டையும் வெக்டரோடு ஒட்டும் வேலை. 50 டிகிரி, ஒரு மணி நேரம். குழாய்க்குள் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டி5 எக்ஸோநியூக்ளியேஸ் 5 பிரைம் முனைகளை அரிக்கிறது. வெளிப்பட்ட ஒற்றை இழைகள் தன் ஜோடியைத் தேடி ஒட்டுகின்றன. பாலிமரேஸ் இடைவெளியை நிரப்புகிறது, லிகேஸ் மூடுகிறது. எல்லாம் ஒரே குழாயில், ஒரே சூட்டில். டேனியல் கிப்சனின் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று மறுபடி படித்தேன். எத்தனை தடவை படித்தாலும் அந்த டி5 என்னை நிறுத்திவிடுகிறது. அந்தச் சூட்டிலேயே அது மெல்லச் செயலிழந்துவிடும். அதனால்தான் மற்ற இரண்டும் வேலையை முடிக்க முடிகிறது.

பிறகு பாக்டீரியாவுக்குள் ஏற்ற 42 டிகிரி, 45 வினாடி, ஐஸ். 37இல் ஒரு மணி நேரம் குலுக்கல். கனாமைசின் தட்டில் பரப்பியாயிற்று. தூக்கம் வராது.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு தட்டிலும் ஒரே கூட்டம். இன்சர்ட் போடாத கண்ட்ரோல் தட்டிலும் அதே அளவு. வெட்டுப்படாத வெக்டர்.

சார் பார்த்தார். "கண்ட்ரோல்தான் உண்மை பேசும்" என்றார். தெரியும். இன்றைக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

தோள்பட்டை வலி. பிப்பெட் பிடித்த கட்டைவிரலும்.

ஜூன் 12, வியாழன்

வெக்டரான பெட்-28ஏவை என்டிஇ-1, எக்ஸ்ஹோ-1 போட்டு இரவு முழுக்க வெட்ட வைத்திருந்தேன். நீளமான ஜெல், குறைந்த வோல்ட், மெதுவாக. வெட்டுப்படாதது சுருண்ட வடிவில் முந்திக்கொண்டு ஓடித் தனியாக நின்றது. 5.3இல் இருந்ததை மட்டும் எடுத்தேன். காம்பிடன்ட் செல்லுக்கும் பியுசி19 கொடுத்துப் பார்த்தாயிற்று. நன்றாகவே இருக்கிறது.

மறுபடி 50 டிகிரி. மறுபடி தட்டு நாளைக்கு.

ஜூன் 14, சனி

கண்ட்ரோல் தட்டு வெறுமை! மற்றதில் சின்னச் சின்னதாக, தள்ளித் தள்ளி. பல்குத்தியால் தொட்டுக் காலனி பிசிஆர். சிலவற்றில் இரண்டரை ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே பட்டை. மனசு துள்ளுகிறது. வேண்டாம், சீக்வென்ஸ் வரட்டும்.

இரவு தம்பி ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினான். சித்தப்பாவுடையது. கேட்ஜி வைல்டு டைப் பட்டை இல்லை. மியூட் 1 இருக்கிறது.

315.

"மாத்திரையை மாத்துவாங்க, பயப்படாதே" என்று மட்டும் எழுதினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மினிபிரெப். சீக்வென்சிங்குக்கு அனுப்பியாயிற்று. வேறு எழுத எதுவும் இல்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ரீட் வந்தது. முன்பக்கம் 800 எழுத்து வரை சிகரங்கள் கூர்மை. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. எனக்கு வேண்டியது 943, 944, 945. பின்பக்கத்திலிருந்து வந்த ரீடும் அதுவரை எட்டவில்லை. நடுவிலிருந்து படிக்கும் பிரைமரின் ரீட் மட்டும் தோற்றுவிட்டதாம், மறுபடி ஓட்டுகிறார்களாம். படிக்க முடிந்த இடமெல்லாம் சரி. நடுப்பகுதி மட்டும் தெரியாது.

அழுகை வந்தது. டீ குடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சித்தப்பாவே பேசினார். புது மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ரிஃபாம்பிசின் பழைய பட்டியலிலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. "ஒண்ணுக்கு இன்னும் ஆரஞ்சாத்தான்யா போகுது, ரத்தமா?" என்றார். இத்தனை மாதம் இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அது மாத்திரை நிறம், ஒன்றுமில்லை என்றேன். குரல் கொஞ்சம் இளகியது.

1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, இதே சென்னையில்தான். சானடோரியத்தில் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று காட்டினார்கள். அதில் இருந்த முக்கிய மருந்து ஐசோனியாசிட். அந்த மருந்துதான் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது.

ஒரு குளோனில் ஒட்டுமிடத்தில் ஒரு எழுத்து குறைகிறது. பிரைமரைத் தயாரிக்கும்போதே விடுபட்டிருக்கும், அது நடப்பதுதான். அதற்குப் பிறகு வரும் அமினோ அமிலம் எல்லாம் தப்பு. குப்பை.

அடுத்தது. ஏ, சி, சி. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் நீலச் சிகரம், அடியில் கறுப்பு நிழல்கூட இல்லை. மீதி 2,222 எழுத்தும் அப்படியே. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

கிளிசரால் ஸ்டாக் மைனஸ் 80இல். நாளை பிஎல்21 செல்லுக்குள். புரதம் கரைந்து வரணும், ஹீம் உள்ளே உட்காரணும். இனிமேல்தான் வேலையே.

சித்தப்பாவிடம் இரவு பேசணும். இருமல் குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் போடுங்கள் என்று சொல்லணும்.