இமையில்லாத விருந்தாளி

வெயில் என்ற சொல்லுக்குச் சரியான ஆங்கிலச் சொல் இல்லை. வெளிச்சமும் சூடும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. 20 வருடமாக மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது பழைய தொல்லை. ஆனால் இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால் ஓர் உயிர் அவதிப்படும் என்பது, கிழக்கு தில்லியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு ஒரு பாம்பு குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

பால் பைத்தான். பெயரில் உள்ள பால் பந்து, பசும்பால் அல்ல. பாம்புக்குப் பால் வார்க்கும் நாட்டில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு இனம். விஷம் கிடையாது. நாலைந்து அடிதான் வளரும். கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அதன் சொந்த ஊர்.

வளர்ப்பவன் அந்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன். கல்லூரி மாணவன். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். இந்த வெளிநாட்டு இனத்தை, 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் சொல்கிறபடி பதிவு செய்துகொண்டு வளர்க்கலாம். பையன் செய்திருக்கிறான். இப்படி வளர்ப்பது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். ஆனால் வந்துவிட்ட பிராணியைத் திருப்பி அனுப்பக் கானாவுக்குப் பஸ் இல்லை.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியோடு ஒரு சிவப்பு பல்பையும் விற்றிருந்தார். பாம்புக்குச் சிவப்பு தெரியாது, 24 மணி நேரமும் எரியட்டும், ராத்திரியிலும் வேடிக்கை பார்க்கலாம் என்பது அவர் வாக்கு. பல்பு எரிந்தது. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் தலையைத் திணித்துக்கொண்டு கிடந்தது. ஆறு வாரமாக எலியைத் தொடவில்லை. "இங்கிலீஷ்ல ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க அங்கிள். படிச்சு எது சரின்னு சொல்றீங்களா?" என்று ஒரு கத்தைத் தாளோடு வந்து நின்றான்.

படித்ததில் என்னை உலுக்கியது ஒரு சின்ன விஷயம். பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் இருக்கிறது. விளக்கு உறுத்தினால் நாம் கண்ணை மூடிக்கொள்வோம். அதனால் முடியாது, ஒளிந்துகொள்ளத்தான் முடியும். சொந்த ஊரில் அது பகலெல்லாம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடந்துவிட்டு இருட்டிய பின் வெளியே வருகிறது. (கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடிபுகுவது நம் ஊர்ப் பழமொழியில் மட்டுமல்ல.) நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து பூமி என்பதால் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பிறகு நிஜமான இருட்டு.

இந்தப் பாம்பின் விழித்திரை பற்றி 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. இருட்டில் பார்க்க உதவும் அதன் செல்கள் நீலப்பச்சை ஒளியை நன்றாக வாங்கிக்கொள்கின்றன. நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அதற்குத் தெரியும். சிவப்பு மங்கல்தான். ஆனால் மங்கல் இருட்டாகிவிடாது. 'நிலா வெளிச்சம்' என்று பெயர் சூட்டி விற்கிற நீல பல்பு இன்னும் மோசம். இது போதாதென்று அதன் மேலுதட்டில் சின்னச் சின்னக் குழிகள் வேறு. அவற்றால் அது சூட்டையே உணர்ந்துகொள்ளும். கும்மிருட்டில் எலியைப் பிடிக்க எலியின் உடம்புச் சூடு போதும். சிவப்பு பல்பு பாம்புக்கு அல்ல, வேடிக்கை பார்க்கும் நமக்கு.

ஆக, வெயிலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பகலில் சுமார் 12 மணி நேரம் வெள்ளை விளக்கு, தானே அணையும் டைமரோடு. இரவில் வெளிச்சமே இல்லாத சூடு. அதற்கென்றே செராமிக் ஹீட்டர் இருக்கிறது. பெட்டியின் ஒரு முனை 32 டிகிரி செல்சியஸ், மறு முனை 26 டிகிரி. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஓர் இருட்டுப் பொந்து. ஹீட்டருக்குக் கம்பி வலையும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். உடம்பு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு பல சமயம் விலகுவதில்லை. ஜனவரி ராத்திரியில் 5 டிகிரிக்கு இறங்கி, மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் தில்லியில் இது லேசான வேலையல்ல. கோடையில் ஹீட்டருக்கு வேலையில்லை, கூலருக்குத்தான்.

புற ஊதா விளக்கு வேண்டுமா என்பதில் வல்லுநர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த விளக்கால் பால் பைத்தானின் ரத்தத்தில் வைட்டமின் டி கூடவில்லை. முழு எலியைத் தின்பதால் அதற்கு அந்தச் சத்து கிடைத்துவிடுகிறது. மெல்லிய அளவில் கொடுத்தால் நல்லது என்கிறவர்களும் இருக்கிறார்கள். பையனிடம், முதலில் சிவப்பு பல்பைக் கழற்று, மற்றது பிறகு என்றேன்.

கழற்றினான். பதினோராம் நாள் ராத்திரி பாம்பு எலியை விழுங்கியது. பல்பு போனதாலா, பிப்ரவரிக் குளிர் தணிந்ததாலா? இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம் என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. பகலில் பொந்துக்குள் சுருண்டு கிடக்கிறது. இரவில் பெட்டி முழுக்க ஊர்கிறதாம், மணலில் தடம் இருக்கிறதாம்.

பையனின் அம்மாவுக்குத்தான் குறை. ராத்திரி விருந்தாளிகள் வந்தால் பாம்பைக் காட்ட முடியவில்லை. "ஒரே ஒரு நிமிஷம் டார்ச் அடிச்சுக் காட்டலாமா சார்?" என்று லிஃப்டில் கேட்டார்.