ஜாலான் புசாரில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால்

ஜோகூர் பாருவில் 170 ஆம் எண் பஸ் ஏறி, சிங்கையின் குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்குங்கள். ரோச்சோர் கால்வாயைத் தாண்டிச் சற்று நடந்தால் ஜாலான் புசார் தொடங்கிவிடும். மலாயில் 'பெரிய சாலை' என்று பொருள். இப்போதைய சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அது அப்படியொன்றும் பெரியதாகத் தோன்றாது.

பேரத்துக்குப் பழகிய வட்டாரம் இது. சாலையின் தொடக்கத்திலே, 1930களிலிருந்து சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை நடந்தது. பழைய கடிகாரம், ரேடியோ, சைக்கிள் என்று தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். சொன்ன விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். 2017 ஜூலை 10 ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இன்னும் சற்று நடந்தால் சையத் ஆல்வி சாலையில் முஸ்தஃபா. அங்கே விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். வாய் திறக்க வேலையில்லை.

வண்டிக் கடை இந்த இரண்டிலும் சேராது. விலை எழுதியிருக்கும்; ஆனால் அது விலை அன்று.

சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகனோடு இந்த வட்டாரத்துச் சந்து ஒன்றிலிருந்த கடைக்குப் போனேன். நம் லயத்தில் வளர்ந்த பிள்ளை. இப்போது சிங்கையில் நிரந்தரவாசி. இரவு வேலை முடிந்து வீடு திரும்பப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வேண்டும். விற்பனையாளர் நம் தமிழ் இளைஞர்தான். "வாங்கண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நான் கூட்டியா சொல்லப் போறேன்? மாசம் 210 வெள்ளிதான்" என்றார். பையன் என் காதோரம், "மாமா, 210 கட்ட முடியும்" என்றான்.

வாசகர்களே, நம்மவர் தடுக்கி விழும் இடம் இதுதான். சம்பளம் மாதத்துக்கு, தோட்டத்துக் கடைக் கணக்கும் மாதத்துக்கு. ஆகையால் 'மாதம் எவ்வளவு?' என்றே கேட்டுப் பழகிவிட்டோம். மொத்தம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சம். அதிலும் எதிரே நிற்பவர் 'நம்ம ஆள்' என்றால் இரட்டைக் கூச்சம்.

நான் பையில் இருந்த தாளை எடுத்துப் பெருக்கினேன். 210 வெள்ளி, 36 மாதம்: 7,560. முன்பணம் 1,000. ஆக 8,560. ரொக்க விலை 7,500 என்று அட்டையிலேயே இருந்தது. 'மாசம் 210தான்' என்பதற்குள் 1,060 வெள்ளி ஒளிந்திருந்தது.

அடுத்தது காகிதம். சிங்கையில் வண்டியை விட அதன் காகிதம் கனமானது. 1990 மே முதல் வண்டி வைத்திருக்க 'சி.ஓ.இ.' என்னும் உரிமைச் சான்றிதழ் வேண்டும், பத்தாண்டுக்குச் செல்லும், ஏலத்தில் எடுக்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான ஏலத்தொகை 2022-ல் 13,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த வண்டிக்குக் கட்டியிருந்தது 9,000. பத்தாண்டு என்றால் 120 மாதம். மாதத்துக்கு 75 வெள்ளி. பாக்கி இருந்தது 60 மாதம். எனவே காகிதத்தின் மதிப்பு 4,500. வண்டிப் பதிவை இடையில் இரத்துச் செய்தாலும், மீதிக் காலத்துக்கான தொகை இந்தக் கணக்கில்தான் அரசிடமிருந்து திரும்பும். அப்படியானால் 7,500-ல் வெறும் வண்டிக்கு அவர் கேட்பது 3,000!

இதைச் சொன்னதும் அந்த இளைஞர் 'அண்ணே'யை விட்டு 'சார்' என்று அழைக்கத் தொடங்கினார். பிறகுதான் டயர், செயின், எண்ணெய்க் கசிவு பற்றியெல்லாம் பேச்சு வந்தது. 3,000-க்கு இந்தத் தேய்ந்த டயரா என்று கேட்கலாம் அல்லவா? உள்ளே இருந்த தவ்கேயிடம் இருமுறை போய் வந்தார். நாங்களும் ஒருமுறை வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோம். (எழுந்து போக மனமில்லாதவர் பேரம் பேசவே வேண்டாம்.) 6,900-ல் முடிந்தது, டயர் இரண்டும் புதிது.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: சான்றிதழ் முதல் பத்தாண்டுக்குரியதா, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததா? ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க இயலாது. காலம் முடிந்தால் வண்டியும் முடிந்தது.

வாங்கியபின் கோளாறு தெரிந்தால்? கடையில் வாங்கிய பழைய வண்டிக்கும் சிங்கையில் 2012 செப்டம்பர் முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். அப்படியில்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. வண்டியின் வயதுக்கேற்ற தேய்மானம் இதில் சேராது. 1971-ல் தோன்றிய பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம்.

மலேசியாவில் தவணைக்கு எடுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1967 ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி, ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தந்தாக வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். எங்கள் ஐந்தாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு வரும்.